நம்பிக்கைகளும் உண்மைகளும்: மொத்த மெயிலுக்கு யாரிடம் சம்மதம் கேட்பது?

திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் தம் அலுவலகக் கணினியில் ஓர் எக்செல் கோப்பைத் திறந்து காட்டினார். "நாப்பதாயிரம் ஐடிங்க தம்பி. ஜெர்மனி, கனடா, அமெரிக்கா, லண்டன்னு எல்லா ஊரு பையரும் இதுல இருக்காங்க. காசு குடுத்து வாங்குனது. சம்மதம் வாங்கின லிஸ்ட்டுன்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

கோப்பின் கடைசிப் பத்திக்கு 'ஆப்ட்-இன்' என்று தலைப்பு. அதன் கீழே நாற்பதாயிரம் வரிசையிலும் 'எஸ்'. எந்தத் தேதியில் சொன்னது, எந்தப் படிவத்தில் சொன்னது, யாருக்குச் சொன்னது, எதுவும் இல்லை. இன்னும் கீழே நகர்த்தினேன். ஒரே கம்பெனியின் பொது முகவரி நான்கு இடத்தில் இருந்தது. ஜிமெயில் என்பதையே எழுத்துப் பிழையோடு அடித்த ஒரு முகவரி இருந்தது. அதற்கும் 'எஸ்'.

நான் போவதற்கு முன்பே முதல் ஐயாயிரம் பேருக்கு அவர் அனுப்பிவிட்டிருந்தார். அன்று மாலையே மெயில் சேவை அவருடைய கணக்கை நிறுத்திவைத்தது. அதைவிடப் பெரிய அடி அடுத்த வாரம் விழுந்தது. எட்டு வருடமாக ஆர்டர் கொடுக்கும் ஒரு பையர் போன் செய்து, சாம்பிளுக்குப் பதிலே வரவில்லையே என்று கேட்டார். பதில் போயிருந்தது, அவருடைய ஸ்பேம் பெட்டியில் கிடந்தது. விளம்பரமும் ஆர்டர் கடிதமும் ஒரே டொமைனிலிருந்து போகின்றன. ஒன்றுக்கு வந்த கெட்ட பெயர் மற்றொன்றையும் பிடித்துக்கொண்டது.

சிறு நிறுவனங்களுக்கு மெயில் அனுப்பும் ஏற்பாடு செய்து தருவது என் வேலை. இந்தத் துறையில் சுற்றிவரும் தவறான நம்பிக்கைகளால் நல்ல வியாபாரிகள் நஷ்டப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவற்றில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம்பிக்கை: சம்மதம் வாங்கிய லிஸ்ட்டைக் காசு கொடுத்து வாங்கினால் அந்தச் சம்மதமும் சேர்ந்து வரும்.

உண்மை: வராது. சம்மதம் என்பது ஒருவர் குறிப்பிட்ட நிறுவனத்துக்கு, குறிப்பிட்ட காரியத்துக்காகக் கொடுப்பது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர் இதைத்தான் சொல்கிறது. சம்மதம் கட்டாயமில்லாமல், குறிப்பாக, விவரம் தெரிந்து, ஐயத்துக்கு இடமின்றிக் கொடுக்கப்பட வேண்டும். அப்படிக் கொடுக்கப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. எக்செல் பத்தியில் உள்ள 'எஸ்' எதையும் நிரூபிக்காது.

அமெரிக்கச் சட்டம் இதில் வேறு மாதிரி. 2003-இல் இயற்றி 2004 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த கேன்-ஸ்பேம் சட்டம் முன்சம்மதமே கேட்பதில்லை. லிஸ்ட் வாங்குவதையும் அது நேரடியாகத் தடுக்கவில்லை. "அமெரிக்காவுல செல்லும்ங்களே" என்று திருப்பூர்க்காரரும் இதைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார்.

சட்டப்படி அவர் சொன்னது பாதி சரி. ஆனால் அவர் மெயில் அனுப்பியது ஒரு சேவை வழியாக. மெயில்சிம்ப் ஆனாலும், சென்னையைச் சேர்ந்த ஸோஹோவின் கேம்பெயின்ஸ் ஆனாலும், பிரான்ஸின் பிரெவோ ஆனாலும், கான்ஸ்டன்ட் கான்டாக்ட் ஆனாலும், விலைக்கு வாங்கிய லிஸ்ட்டுக்கு அனுப்பக் கூடாது என்பது எல்லோருடைய விதியிலும் உண்டு. எந்த நாட்டுக்கு அனுப்பினாலும் அந்த விதி பொருந்தும்.

சட்டத்தைவிடச் சேவைகள் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் மெயில்கள் ஒரே ஐபி முகவரிகளைப் பகிர்ந்துகொண்டு போகின்றன. ஒருவர் குப்பை அனுப்பினால், அதே வழியில் போகும் பள்ளிக்கூட அறிவிப்பும் மருந்துக்கடை ரசீதும் சேர்ந்து அடிபடும். வாங்கிய லிஸ்ட்டில் கண்ணிகளும் இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத முகவரியை, திரட்டுகிறவர்களின் கையில் சிக்கட்டும் என்று இணையப் பக்கங்களில் ஸ்பேம் தடுப்பவர்கள் வேண்டுமென்றே விட்டுவைப்பார்கள். பழைய ஆள் கைவிட்ட முகவரியைக் கொஞ்ச காலம் கழித்துக் கண்ணியாக மாற்றுவதும் உண்டு. இவற்றுக்கு மெயில் போனால், ஆளிடம் கேட்காமல் லிஸ்ட் சேர்த்திருக்கிறார்கள் என்பது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். 1998 முதல் இயங்கும் ஸ்பேம்ஹவுஸ் போன்ற அமைப்புகளின் தடுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால், இறங்குவது லேசான காரியமில்லை.

அமேசானின் எஸ்இஎஸ் சேவை கணக்கை எண்களாலேயே அளக்கிறது. அனுப்பியதில் நூற்றுக்கு 5-க்கு மேல் பவுன்ஸ் ஆகித் திரும்பினால் கணக்கு ஆய்வுக்குப் போகும்; 10-ஐத் தாண்டினால் அனுப்புவதே நிறுத்தப்படலாம். ஸ்பேம் என்று புகார் சொல்பவர்கள் ஆயிரத்துக்கு ஒருவரைத் தொட்டாலே ஆய்வு. ஆயிரத்துக்கு ஐந்து பேர் என்றால் நிறுத்தம். வாங்கிய லிஸ்ட் எதுவும் இந்தச் சல்லடையைத் தாண்டி நான் பார்த்ததில்லை.

நம்பிக்கை: நாம் இந்தியாவில் இருக்கிறோம், வெளிநாட்டுச் சட்டம் நம்மை என்ன செய்யும்?

உண்மை: கனடாவின் ஸ்பேம் தடுப்புச் சட்டம் 2014 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தது. அந்த நாட்டிலுள்ள கணினியில் பெறப்படும் வியாபாரச் செய்திகளுக்கு அது பொருந்தும். வெளிப்படையான சம்மதமோ, சட்டம் ஏற்கும் உட்கிடையான சம்மதமோ இருந்தாக வேண்டும். மீறினால் நிறுவனத்துக்கு ஒரு கோடி கனேடிய டாலர் வரை அபராதம் விதிக்கலாம். ஜிடிபிஆரும் ஐரோப்பாவில் உள்ளவர்களுக்குப் பொருளோ சேவையோ விற்க முன்வரும் வெளிநாட்டு நிறுவனங்களைத் தன் எல்லைக்குள் கொண்டுவருகிறது. கம்பெனிக்குக் கம்பெனி அனுப்பும் மெயிலுக்கு ஐரோப்பா முழுக்க ஒரே விதி கிடையாது. பிரிட்டனில் நிறுவன முகவரிகளுக்கு முன்சம்மதம் கட்டாயமில்லை. ஜெர்மனியிலோ நிறுவனங்களுக்கு அனுப்பவும் முன்சம்மதம் வேண்டும். திருப்பூர்க்காரருக்கு இரண்டு ஊரிலும் பையர் உண்டு.

நம் நாட்டில் மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018-இல் கொண்டுவந்த விதிகளும் புகார் சொல்லும் 1909 எண்ணும் போன் அழைப்புக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் உரியவை. தொல்லை தரும் மெயிலைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ரத்து செய்தது. பேச்சுரிமையை நசுக்கிய அந்தப் பிரிவு போனதில் எனக்கு மகிழ்ச்சிதான். இப்போது வந்திருப்பது 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சம்மதம் பற்றிய பகுதிகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும். சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உட்பட அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் எதிலும் படிக்கும் வசதி தர வேண்டும் என்கிறது சட்டம். எதற்குச் சம்மதிக்கிறோம் என்பது ஒருவருக்குத் தன் மொழியில் தெரிய வேண்டும். இந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

நம்பிக்கை: அடியில் அன்சப்ஸ்கிரைப் லிங்க் இருந்தால் போதும்.

உண்மை: அமெரிக்காவில்கூட அது மட்டும் போதாது. அனுப்புகிறவர் யார் என்பதிலும் தலைப்பு வரியிலும் பொய் இருக்கக் கூடாது, செல்லுபடியாகும் அஞ்சல் முகவரி வேண்டும், வேண்டாம் என்றவரைப் 10 வேலை நாளுக்குள் நீக்க வேண்டும். கனடாவிலும் 10 வேலை நாள், ஆஸ்திரேலியாவில் 5. இவற்றையெல்லாம் மிஞ்சியது மெயில் பெட்டிக்காரர்களின் விதி. ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்குக் கூகுள் 2024-இல் புதிய நிபந்தனைகள் வைத்தது. மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றும் அமைத்திருக்க வேண்டும். ஒரே சொடுக்கில் விலகும் வசதி வேண்டும். விலகியவரை இரண்டு நாளில் நீக்க வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. யாஹூவும் ஏறக்குறைய இதையே கேட்கிறது. சட்டத்தை மீறினால் வழக்கு என்றைக்கோ வரும். இதை மீறினால் கடிதம் அன்றைக்கே போய்ச் சேராது.

நம்பிக்கை: "அனுப்பலாமா?" என்று கேட்டு ஒரு மெயில் போடுவதில் தப்பில்லை.

உண்மை: நல்ல மனதோடு செய்கிறவர்கள்கூட இதில் விழுகிறார்கள். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2017 மார்ச்சில் விமான நிறுவனம் ஃப்ளைபீக்கு 70,000 பவுண்டு, ஹோண்டா மோட்டார் ஐரோப்பாவுக்கு 13,000 பவுண்டு அபராதம் விதித்தது. ஃப்ளைபீ, விளம்பரம் வேண்டாம் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தவர்களுக்கு, உங்கள் விவரங்கள் சரிதானா என்று கேட்டு 33 லட்சம் மெயில் அனுப்பியிருந்தது. ஹோண்டா, சம்மதம் இருக்கிறதா இல்லையா என்று தெரியாதவர்களிடம் விருப்பத்தைக் கேட்டு எழுதியிருந்தது. கனடாவிலும் சம்மதம் கேட்கும் மெயிலே வியாபார மெயில்தான். வேண்டாம் என்றவரிடம் மறுபடி கேட்பதற்கும் சம்மதம் வேண்டும்.

நம்பிக்கை: விசிட்டிங் கார்டு கொடுத்தாலே சம்மதம்.

உண்மை: இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கனடாவில், தானே முகவரி தந்தவர் அனுப்பாதே என்று சொல்லாமலிருந்து, செய்தியும் அவர் வேலைக்குப் பொருந்தினால் சட்டம் ஏற்கும். பொருள் வாங்கியவருக்கு 2 வருடம் வரை, விசாரித்தவருக்கு 6 மாதம் வரை உட்கிடையான சம்மதம் உண்டு. ஐரோப்பாவில், ஏற்கெனவே வாங்கியவருக்கு அதே வகைப் பொருளைப் பற்றி எழுதலாம். முகவரி வாங்கும்போதும் ஒவ்வொரு மெயிலிலும் மறுக்க வழி தர வேண்டும்.

நம்பிக்கை: இரட்டைச் சம்மதம் கேட்டால் ஆள் குறையும்.

உண்மை: குறையும். படிவம் நிரப்பியவருக்கு ஒரு மெயில் போய், அதிலுள்ள லிங்க்கை அவர் அழுத்தினால்தான் லிஸ்ட்டில் சேர்ப்பது இந்த முறை. மெயில்சிம்ப் 2017-இல் இதைத் தன் படிவங்களின் இயல்புநிலையிலிருந்து எடுத்தது. எதிர்ப்பு வந்ததும் ஐரோப்பிய ஒன்றிய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் பழையபடி விட்டுவைத்தது. நான் எல்லோருக்கும் இரட்டைச் சம்மதத்தையே அமைத்துத் தருகிறேன். பிழையாக அடித்த முகவரியும், வேறொருவர் பெயரில் குறும்புக்குப் போட்ட முகவரியும், கண்ணியும் அந்த ஒரு லிங்க்கிலேயே வடிந்துவிடும். லிங்க்கை அழுத்திய தேதியும் நேரமும் பதிவாகும். நாளை கேட்பவருக்குக் காட்ட ஒரு சான்று கிடைக்கும்.

திருப்பூர்க்காரர் அந்த நாற்பதாயிரத்தையும் அழித்தார். எளிதாக அழிக்கவில்லை, கொடுத்த காசு கண்முன் நின்றது. விளம்பர மெயிலுக்குத் தனியாக ஒரு துணை டொமைன் வைத்தோம். அடுத்த கண்காட்சியில் ஸ்டாலுக்கு வந்தவர்களிடம் டேப்லெட்டை நீட்டி, எது பற்றி எழுதலாம் என்று கேட்டே பதிவு செய்தார்கள். இப்போது அவருடைய கோப்பில் 312 பெயர். ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, இடம், கேட்ட பொருள்.

போன மாதம் புது லெக்கின்ஸ் ரகத்துக்கு மெயில் தயாரித்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் திரையில் ஒரு பெயரைத் தொட்டுக் காட்டினார். "இவரை எடுத்துருங்க தம்பி. அவரு டி-ஷர்ட் ரேட்டு மட்டுந்தான் கேட்டாருங்க."