குறைப்பதா, மாற்றுவதா, நிறுத்துவதா? காயம்பட்ட நெடுந்தூர ஓட்டக்காரருக்கு ஒரு வழிகாட்டி

பயிற்சி உச்சத்தில் இருக்கும்போதுதான் பெரும்பாலும் காயம் வரும். போட்டிக்குச் சில வாரங்களே இருக்கும். கோச், "கொஞ்சம் குறைச்சுக்கோ" என்பார். வீட்டில், "இனிமே ஓடவே வேணாம்" என்பார்கள். கூட ஓடுகிற நண்பர் வலி மாத்திரையை நீட்டுவார். மூவருக்கும் அக்கறைதான். ஆனால் எந்த யோசனை பொருந்தும் என்பது காலில் அடிபட்டது எது என்பதைப் பொறுத்தது. போட்டித் தேதியைப் பார்த்து முடிவெடுக்கிறவர், சில வாரங்களில் ஆறியிருக்க வேண்டிய காயத்தைப் பல மாதங்களுக்கு இழுத்துக்கொள்கிறார்.

முதல் கேள்வி: தசைநாணா, எலும்பா?

குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநாண் பழுதானால், காலையில் கட்டிலைவிட்டு இறங்கும்போது விறைப்பும் வலியும் தெரியும். ஓடி உடம்பு சூடானதும் குறையும். மறுநாள் காலை திரும்ப வரும்.

எலும்பில் நுண்விரிசல், அதாவது ஸ்ட்ரெஸ் பிராக்சர், தொடங்கியிருந்தால் ஓட ஓட வலி கூடும். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலிக்கும். ஒற்றைக் காலில் குதித்தால் சுரீரென்று பிடிக்கும். முற்றினால் படுத்திருக்கும்போதும் விடாது. முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பின் ஓரமாக நீளவாக்கில் பரவலாக வலித்தால் அது ஷின் வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். வலி ஒரு புள்ளியில் குவிந்தால் எலும்பைச் சந்தேகிக்க வேண்டும்.

தொடக்க வாரங்களில் ஸ்ட்ரெஸ் பிராக்சர் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். "எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை" என்ற ஒரு வரியை நம்பி மறுநாளே மைதானத்தில் இறங்காதீர்கள். எலும்பு என்று சந்தேகம் இருக்கும்வரை எண்ணெய் தடவி அழுத்தி நீவுவதும் வேண்டாம்.

இடுப்பு மடிப்பில் ஆழமாக வலித்தால் அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். தொடை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசல் இருந்து அது முழுதாக முறிந்தால் அறுவைச் சிகிச்சைவரை போகும்.

வழி 1: குறைத்துக்கொண்டு ஓடுவது

தசைநாண் வலிக்கும் லேசான ஷின் வலிக்கும் இது பொருந்தும். அக்கிலிஸ் பழுதானவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வு 2007இல் வெளியானது. இரு குழுவும் வலுவூட்டும் பயிற்சி செய்தன. ஒரு குழு முதல் ஆறு வாரம் ஓடாமல் இருந்தது. மற்றது வலியை அளந்துகொண்டே ஓடியது. முடிவில் ஓடியவர்களின் நிலை மோசமாகவில்லை. இரு குழுவுமே தேறின.

ஆனால் அந்த ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு இருந்தது. பத்துக்கு ஐந்தைத் தாண்டி வலிக்கக் கூடாது. மறுநாள் காலைக்குள் வலி அடங்க வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது. குறைக்கும்போது முதலில் வேக ஓட்டத்தையும் மேட்டு ஓட்டத்தையும் விடுங்கள். அக்கிலிஸை அதிகம் இழுப்பவை அவைதான். அதோடு குதிகாலை உயர்த்தி மெல்ல இறக்கும் பயிற்சியைச் சுமார் 12 வாரம் விடாமல் செய்ய வேண்டும். வலி குறைந்த மூன்றாவது வாரத்தில் பலரும் இதைக் கைவிடுகிறார்கள். அவர்களுக்கு வலி திரும்புவதில் வியப்பில்லை.

எலும்பு விரிசலுக்கு இந்த வழி பொருந்தவே பொருந்தாது. எலும்பு வலியைத் தாங்கிக்கொண்டு ஓடுவதால் எந்தப் பயனும் கிடையாது.

வழி 2: ஓட்டத்தை நிறுத்தி மாற்றுப் பயிற்சி

முன்பாதத்தின் நடு எலும்புகள், கீழ்க்காலின் உள்பக்க எலும்பு போன்ற ஆபத்துக் குறைந்த இடங்களில் விரிசல் என்றால் இதுவே நல்ல வழி. பொதுவாக ஆறிலிருந்து எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. ஆனால் இதயத்தையும் நுரையீரலையும் வேலை வாங்கலாம்.

இடுப்பில் மிதவைப் பட்டை கட்டிக்கொண்டு, கால் தரையில் படாத ஆழமான தண்ணீரில் ஓடுவது நிஜ ஓட்டத்துக்கு மிக நெருக்கமானது. நல்ல பயிற்சியில் இருப்பவர்கள் நான்கு முதல் ஆறு வாரம்வரை திறனைப் பெரிதாக இழக்காமல் இதில் தாக்குப்பிடிக்கலாம். தண்ணீரில் இதயத்துடிப்பு சற்றுக் குறைவாகவே காட்டும் என்பதால் கடிகாரத்தைவிட மூச்சிரைப்பை நம்புங்கள். எல்லா ஊரிலும் நீச்சல் குளம் இல்லை. சைக்கிள் இருக்கிறது. மைதானத்தில் ஓடவிருந்த அதே இன்டர்வெல் பயிற்சியை நிமிடக் கணக்கில் மாற்றி சைக்கிளில் செய்யலாம். மிதிக்கும்போது வலிக்கக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை.

இதன் குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். நெஞ்சு தயாராக இருக்கும். தரையில் மோதும் பழக்கத்தைக் கால் இழந்திருக்கும். பிரிட்டனின் பவுலா ராட்கிளிஃபுக்கு 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கிற்குச் சில மாதங்களே இருந்தபோது தொடை எலும்பில் விரிசல் கண்டது. எலும்பு ஆறியது. ஆனால் ஓட்டப் பயிற்சிக்குப் போதிய வாரங்கள் கிடைக்கவில்லை. மாரத்தானில் 23ஆம் இடம்தான் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானை வென்றார். இடையில் கிடைத்த சில வாரங்கள்தான் வித்தியாசம்.

வழி 3: முழு ஓய்வு

தொடை எலும்பின் கழுத்து, பாதத்தின் நவிகுலர் எலும்பு, கீழ்க்கால் எலும்பின் முன்புறம் ஆகியவை ஆபத்தான இடங்கள். ஊன்றுகோல்வரை தேவைப்படலாம், சைக்கிள் மிதிப்பதற்குக்கூட மருத்துவர் அனுமதி வேண்டும்.

உடம்பே வற்றிப்போனவர்களுக்கும் ஓய்வுதான் மருந்து. ஓடுகிற அளவுக்குச் சாப்பிடாவிட்டால் எலும்பு வலுவிழக்கும். இந்தக் குறைபாட்டுக்கு சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014இல் தனிப்பெயரே கொடுத்தது. ஓடும் பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது கடும் பயிற்சியின் அடையாளம் என்று சொல்லிக்கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது எச்சரிக்கை மணி. உடனே மருத்துவரிடம் பேச வேண்டும். இரண்டாம் முறை எலும்பு விரிசல் கண்ட எவரும், ஆண்கள் உட்பட, தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

"ஓய்வெடுத்தால் எல்லாம் போய்விடும்" என்ற பயத்துக்கு ஓர் அளவு சொல்கிறேன். நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தியபோது, முதல் மூன்று வாரத்தில் அவர்களின் ஆக்சிஜன் பயன்பாட்டுத் திறன் சுமார் 7 சதவீதம் குறைந்தது. 12 வாரத்தில் சுமார் 16 சதவீதம். 1984இல் வெளியான ஆய்வு இது. இழப்பு உண்மைதான், ஆனால் உழைத்தால் திரும்பப் பெறக்கூடியது.

போட்டி: ஓடுவதா, விலகுவதா?

ஜோன் பெனாய்ட் 1984 அமெரிக்க ஒலிம்பிக் தகுதி மாரத்தானுக்கு 17 நாள் முன்பு முழங்காலில் நுண்துளை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். ஓடினார், வென்றார். அந்த ஆகஸ்டில் பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தானையும் 2:24:52இல் வென்றார். இந்தக் கதையைத் துணிச்சலுக்கு உதாரணமாகச் சொல்கிறோம். அவரது முழங்காலை உறுத்திய நார்த்திசு வெட்டி எடுக்கப்பட்டிருந்தது என்பதைச் சொல்வதில்லை. வலிக்குக் காரணம் நீங்கிய பிறகே அவர் ஓடினார்.

ராட்கிளிஃப் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானுக்குச் சற்று முன்பு காலில் காயம்பட்டு, அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டு இறங்கினார். வயிறு கெட்டு, சுமார் 36 கிலோமீட்டரில் நின்றுவிட்டார். அமெரிக்காவின் மெப் கெஃப்லெசிகி 2007 ஒலிம்பிக் தகுதி மாரத்தானில் இடுப்பு வலியோடு ஓடி எட்டாவதாக வந்தார். இடுப்பெலும்பில் விரிசல் என்பது பிறகே தெரிந்தது. பெய்ஜிங் வாய்ப்பு போனது. ஆற வேண்டியது ஆறிய பின் 2009இல் நியூயார்க்கையும், 39 வயதை எட்டச் சில நாள் இருக்கையில் 2014இல் பாஸ்டனையும் வென்றார்.

ஆகவே போட்டிக்கு முன் இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்:

- காரணம் தெரியுமா, அது நீங்கிவிட்டதா?
- மாத்திரை இல்லாமல், நொண்டாமல் ஓட முடிகிறதா?
- கடைசி சில வாரங்கள் தரையில் ஓடியிருக்கிறேனா?

மூன்றுக்கும் ஆம் என்றால் ஓடுங்கள். ஒன்றுக்கு இல்லை என்றாலும் விலகுங்கள்; அடுத்த ஆண்டுக்குப் பதிவை மாற்றித் தருவார்களா என்று விசாரியுங்கள். வலி மாத்திரை போட்டுக்கொண்டு வெயிலில் மாரத்தான் ஓடுவது சிறுநீரகத்துக்கும் கேடு.

என் தீர்ப்பு

தசைநாண் என்றால் குறைத்துக்கொண்டு ஓடுங்கள். ஆபத்துக் குறைந்த எலும்பு என்றால் தண்ணீருக்கோ சைக்கிளுக்கோ மாறுங்கள். ஆபத்தான எலும்பு என்றாலும், உடம்பே வற்றியிருந்தாலும் முழுதாக நிறுத்துங்கள். எது என்று தெரியாதவரை எலும்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வலியில்லாமல் நடக்க முடிந்த பிறகே, ஒருநாள் விட்டு ஒருநாள், நடையும் ஓட்டமும் கலந்து தொடங்குங்கள். ஓட முடியாத நாட்களிலும் மைதானத்துக்குப் போய் நண்பர்களுக்கு நேரம் குறித்துக் கொடுங்கள். தனிமையில்தான் அவசர முடிவுகள் பிறக்கின்றன. போட்டிகள் ஆண்டுதோறும் வரும். அவற்றில் ஓட உங்கள் காலைக் காப்பாற்றி வையுங்கள்.