பொன் வாங்குதலில் மெய்யும் மறையும்

இல்லறத்தார்க்குரிய ஐந்து அணுவிரதங்களுள் இறுதியாக நிற்பது பொருள் வரைதல். வரையறுத்துக்கொள்ள வேண்டிய பொருள்களை எண்ணும்போது தத்துவார்த்த சூத்திரம் நிலத்தையும் வீட்டையும் அடுத்து வெள்ளியையும் பொன்னையும் பெயர் சுட்டிக் கூறுகின்றது. எவ்வளவு வைத்துக்கொள்வது என்பதை அவ்விரதம் கற்பிக்கின்றது. எவ்வாறு வாங்குவது, எவ்வாறு விற்பது என்பதைச் சத்திய விரதமும் அசௌரிய விரதமும் கற்பிக்கின்றன. இப்பாடத்தில் நாம் பின்னதையே ஆராய்வோம்.

வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளிலிருந்து தொழில் நிமித்தம் சென்னைக்கு வடக்கே குடியேறிய இல்லங்கள் நம்மிடையே உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் பணியாற்றுவோர், பெண்ணின் திருமணத்திற்கு நகை எடுக்கப் பொன்னேரிக்கோ திருவள்ளூருக்கோ, மின்தொடர் வண்டியேறிச் சௌகார்பேட்டைக்கோ செல்கின்றனர். கடையில் பான் எனப்படும் நிரந்தரக் கணக்கு எண்ணைக் கேட்கின்றனர். ஆதார் நகலும் கைபேசி எண்ணும் கேட்பதுண்டு. அவ்வேளையில் இருவகைக் கருத்துகள் எழுகின்றன. "நம் வீட்டுப் பொன் நம்மோடு, பில்லைப் பிரித்துப் போட்டால் போயிற்று" என்பது ஒன்று. "கேட்டதையெல்லாம் கொடுத்துவிட்டால் தொல்லை இல்லை" என்பது மற்றொன்று. இரண்டும் பிழையே என்பதை இனிக் காண்போம்.

1. சட்டம் வந்த வழி

அரசு பொன்னைப் பற்றி வினவுவது புதிதன்று. 1963-இல் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்வதைத் தடுத்தமையால் பொற்கொல்லர் பலர் பிழைப்பிழந்தனர். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறித்த அளவுக்கு மேல் நகை வைத்திருந்த குடும்பம் அதனை அரசுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. அச்சட்டம் 1990-இல் நீக்கப்பட்டது. அதன்பின் வீட்டில் உள்ள பொன்னை எண்ணிக் கேட்பது குறைந்து, வாங்கும் இடத்தில் ஆளை வினவும் முறை வளர்ந்தது.

2016 சனவரி 1 முதல், 2 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலுக்குப் பான் எண் தர வேண்டும் என விதி வந்தது. பான் இல்லாதவர் உறுதிமொழிப் படிவம் தரலாம். 2017 ஏப்ரல் 1 முதல் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவது தடுக்கப்பட்டது. மீறிப் பெற்றவருக்குப் பெற்ற தொகை அளவே தண்டம். ஒரே நாளில் ஒருவரிடமிருந்து பெறுவதும், ஒரே கொள்முதலுக்குப் பெறுவதும், ஒருவரிடமிருந்து ஒரே நிகழ்வு தொடர்பாகப் பெறுவதும் இத்தடையில் அடங்கும். ஆதலின் ஒரு திருமணத்திற்கு வாங்கும் நகைக்குரிய ரொக்கத்தை நாள் பிரித்துக் கொடுப்பதால் தடையிலிருந்து தப்ப இயலாது.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். 2016 தொடக்கத்தில் சவரன் ஏறத்தாழ 20,000 ரூபாய். அன்று 2 லட்சம் என்பது பத்துச் சவரன். 2025 டிசம்பரில் சென்னையில் சவரன் ஒரு லட்சத்தைக் கடந்தது. அதுவரையிலும் வரம்பு மாறவில்லை. பெருஞ்செல்வரை நோக்கி வகுத்த விதி, இரண்டு சவரன் வாங்கும் ஆலைத் தொழிலாளியையும் தொட்டுவிட்டது. எனவே இது சிலர்க்குரிய செய்தியன்று. நம் இல்லங்கள் அனைத்திற்கும் உரியது.

2. மெய்யும் மறையும் ஒரே விரதத்தின் கூறுகள்

2017 ஆகஸ்ட் 23 அன்று மத்திய அரசு, ஆண்டுக்கு 2 கோடி ரூபாயும் அதற்கு மேலும் விற்று வரவுடைய நகை வணிகரைச் சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்திற்குள் கொணர்ந்தது. 50,000 ரூபாய்க் கொள்முதலுக்கே அடையாளம் கேட்கும் நிலை உண்டாயிற்று. மறுநாள், ஆகஸ்ட் 24 அன்று, நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனிமறை மனிதரின் அடிப்படை உரிமை எனத் தீர்ப்பளித்தது. முன்சொன்ன அறிவிக்கையை அரசே அக்டோபர் 6 அன்று திரும்பப் பெற்றது. பின்னர் 2020 டிசம்பர் 28 அன்று வந்த அறிவிக்கை, 10 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக நடைபெறும் வணிகத்திற்கே அச்சட்டத்தைப் பொருத்தியது.

அரசின் வினாவும் குடிமகனின் மறையும் ஒன்றோடொன்று முரண்படுவன போலத் தோன்றும். நம் ஆகமமோ இரண்டையும் ஒரே விரதத்துள் வைத்துள்ளது. தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் சத்திய அணுவிரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறும். அவற்றுள் ஒன்று கூடலேகக் கிரியை, அதாவது பொய்யாவணம் எழுதுதல். மற்றொன்று ரகோப்யாக்கியானம், அதாவது பிறர் மறைவில் செய்ததை வெளிப்படுத்தல். உரையாசிரியர்கள் பின்னதைக் கணவன் மனைவியரின் தனிமையைச் சுட்டி விளக்கினர். ஒரு குடும்பம் எத்தனை சவரன் வாங்கியது என்பதும் அவ்வீட்டின் மறையே அன்றோ? ஆகவே பொய்ப் பெயர் தந்த வாங்குவோரும், மெய்ப் பெயரை ஊரறியச் செய்த விற்போரும் ஒரே விரதத்தையே மாசுபடுத்துகின்றனர்.

அசௌரிய விரதத்தின் அதிசாரங்களும் நகைக்கடைக்கென்றே சொன்னவை போல உள்ளன: களவுப் பொருளைக் கொள்ளுதல், அரச நெறியை மீறுதல், அளவையைக் குறைத்தும் கூட்டியும் கொள்ளல், கலப்படப் பொருளை நற்பொருளென விற்றல். பழைய நகையை விற்க வருபவரிடம் கடைக்காரர் அடையாளம் கேட்பது முதற்குற்றத்திலிருந்து தம்மைக் காத்துக்கொள்ளவே. களவுப் பொருளென அறிந்து வாங்குவது பாரதிய நியாய சன்கிதையின் 317-ஆம் பிரிவின்படியும் குற்றமாகும்.

3. அடையாளம் இரவலாகாது

தொழிற்பேட்டைகளில் இக்கேடு பெரிது. ஆலையில் சேரவும், அறை வாடகைக்கு எடுக்கவும், சிம் அட்டை வாங்கவும் தொழிலாளர் தம் அட்டை நகல்களைப் பலரிடம் தருகின்றனர். பிறர் அடையாளத்தைக் கொண்டு போலிப் பதிவுகள் செய்யப்பட்டமையால், 2023 மே 16 முதல் சூலை 15 வரை நாடெங்கும் சரக்கு சேவை வரி அதிகாரிகள் தனிச் சோதனை இயக்கம் நடத்த நேர்ந்தது. "உன் பான் எண்ணைக் கொடு, ஒரு பில்லுக்கு மட்டும்" என்று நண்பர் கேட்பினும் தருதல் கூடாது. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த ஏழைத் தொழிலாளியின் எண்ணை வாங்கித் தம் கொள்முதலுக்கு எழுதுவோர், பொய்யாவணத்தோடு எளியவர்க்கு ஊறும் செய்கின்றனர். வருமானவரித் துறையின் வினாவுக்கு விடை சொல்ல வேண்டியவர் அவ்வெளியவரே.

4. நகைக்கு அடையாளம் வேண்டும்

2021 சூன் 16 முதல் ஆல்மார்க் முத்திரை மாவட்டந்தோறும் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அவ்வாறு கட்டாயமான நகைகளை 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்கத் தனி அடையாளக் குறி இன்றி விற்கலாகாது. வெள்ளிக்கு இக்குறி 2025 செப்டம்பர் 1 முதல் விருப்பத்தின்பேரில் வந்துள்ளது. பி.ஐ.எஸ். கேர் செயலியில் குறியை இட்டால் தூய்மையும், நகைவகையும், முத்திரையிட்ட மையமும், வணிகரின் பதிவெண்ணும் தெரியும். வாங்கியவர் பெயர் தெரியாது. பொருளின் மெய் விளங்குகின்றது. உடையவரின் மறை காக்கப்படுகின்றது. இதுவே நன்முறை.

5. கடைப்பிடிக்க வேண்டியவை

வாங்குவோர்:

(அ) விதி கேட்கும் இடத்தில் தம் பான் எண்ணையே தருக. பில்லைப் பிரிக்க வேண்டா.

(ஆ) பான் தந்தபின் ஆதார் நகல் கேட்டால், எதற்கென்று வினவுக. தர நேர்ந்தால் இறுதி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைத் தருக. நகலின்மேல் கடையின் பெயர், நாள், நோக்கம் மூன்றையும் எழுதுக.

(இ) பில்லைப் பேணுக. தேர்தல் காலத்தில் எளாவூர் சோதனைச் சாவடி போன்ற இடங்களில் பறக்கும் படையினர் வினவும்போது துணை நிற்பது அதுவே. 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கொண்டு செல்வோர்க்கும் உரிய சான்று வேண்டும்.

(ஈ) வருமானவரித் தளத்தில் தம் ஆண்டுத் தகவல் அறிக்கையைப் பார்த்து, தாம் செய்யாத பரிமாற்றம் உள்ளதா என அறிக.

(உ) 1994 மே 11 நாளிட்ட நேரடி வரி வாரிய அறிவுறுத்தலின்படி, சோதனையின்போது மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250 கிராம், ஆணுக்கு 100 கிராம் வரையுள்ள நகைகளைக் கைப்பற்றுவதில்லை. இதனை உடைமைக்கு உச்ச வரம்பென அஞ்ச வேண்டா.

விற்போர்:

(அ) தேவைக்கு மேல் கேளாதீர்.

(ஆ) அட்டை நகல்களை மேசைமேல் கிடத்தாதீர்; கைபேசியில் படமெடுத்துப் பிறர்க்கு அனுப்பாதீர்.

(இ) வாடிக்கையாளர் பட்டியலை விளம்பரக்காரர்க்குத் தாராதீர். 2023-இல் இயற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் நோக்கமும் இதுவே. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, 18 மாதங்களில் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன.

சட்டங்கள் மாறும், வரம்புத் தொகையும் மாறும். பிறர் பெயரில் வாங்காமையும் பிறர் மறையை விற்காமையும் மாறா அறங்கள். நம் இல்லங்களில் நகை வாங்கப் புறப்படும் நாளில் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் சென்று, எதைச் சொல்ல வேண்டும், எதைக் காக்க வேண்டும் என்று அங்கேயே கற்பிப்போமாக.