கர்சர் துள்ளுகிறதா? புது மவுஸ் வாங்கும் முன்

மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் பலரும் செய்வது, அதை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுவது. அதற்கும் மசியாவிட்டால் புதிது வாங்கிவிடுவார்கள். விலை குறைந்த சாமான்தானே என்பது நியாயம்தான். ஆனால் கோளாறு மவுஸில் இல்லை என்றால், புதிதாக வாங்கியதும் அதே மேசையில் அதே கூத்தைத்தான் ஆடும். எனவே துடைக்கவும் கழற்றவும் இறங்குவதற்கு முன், குற்றவாளி யார் என்று பார்த்துவிடுவது நல்லது.

முதல் வேலை, மவுஸின் வயரை உருவிவிட்டு, அல்லது ரிசீவரைப் பிடுங்கிவிட்டு, திரையைச் சற்று நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. அப்போதும் கர்சர் தானாக நகர்ந்தால் மவுஸ் நிரபராதி. லேப்டாப்பின் டச்பேடோ தொடுதிரையோ செய்கிற வேலை அது. அதைக் கடைசியில் பார்ப்போம். கர்சர் அசையாமல் நின்றால், மவுஸை வேறு யூஎஸ்பி போர்ட்டிலும், முடிந்தால் வேறொரு கம்ப்யூட்டரிலும் செருகிப் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால், பழைய போர்ட்டையோ கம்ப்யூட்டரின் செட்டிங்கையோதான் சந்தேகிக்க வேண்டும். சற்று நேரம் தொடாமல் விட்டுப் பிறகு தொட்டால் மட்டும் மவுஸ் மந்தமாக விழிக்கிறதா? மின்சாரத்தை மிச்சம் பிடிக்க விண்டோஸ் அந்தப் போர்ட்டைத் தூங்கவைத்திருக்கலாம். டிவைஸ் மேனேஜரில் ‘யூஎஸ்பி ரூட் ஹப்’ என்பதைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள்.

எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதே ஆட்டம் என்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது மேசையை. இங்கேதான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். மவுஸின் அடியில் ஒரு சிறு விளக்கும், அதன் அருகே ஒரு குட்டிக் கேமராவும் இருக்கின்றன. விளக்கின் ஒளி மேசைப் பரப்பில் சாய்வாக விழும். அங்கே தெரிகிற நுண்ணிய மேடுபள்ளங்களைக் கேமரா ஓயாமல் படம் எடுத்து, முந்தைய படத்தோடு ஒப்பிட்டு, மவுஸ் எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்குப் போடும். 1999-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ‘இன்டெல்லிமவுஸ் எக்ஸ்புளோரர்’ நொடிக்கு 1,500 படங்கள் எடுத்தது. இன்றைய மவுஸ்கள் அதைவிட வேகம். ஆனால் படம் எடுக்கப் பரப்பில் ஏதாவது இருந்தாக வேண்டுமே! கடைக் கவுன்ட்டர்களில் போடும் கண்ணாடியிலும், பளபளவென்று பாலிஷ் ஏற்றிய கிரானைட்டிலும் அதற்கு ஒன்றும் பிடிபடாது. கர்சர் தள்ளாடும், தாவும். கண்ணாடி மேலும் ஓடும் ரகங்கள் இருக்கின்றன. லாஜிடெக் 2009-ல் ‘டார்க்ஃபீல்டு’ என்ற பெயரில் கொண்டுவந்தது அப்படிப்பட்டது. அந்த விலையைக் கொடுப்பதற்குப் பதில் ஒரு வெள்ளைத் தாளை மடித்து அடியில் வைத்துப் பாருங்கள். தாளில் சரியாக ஓடினால் வைத்தியம் முடிந்தது: ஒரு துணி மவுஸ்பேட் போதும். வழவழப்பான பிளாஸ்டிக்கில் படம் அச்சடித்து இலவசமாகத் தருகிற பேட் வேண்டாம். அதுவும் கண்ணாடிக்குத் தம்பிதான்.

தாளிலும் துள்ளினால் மவுஸைத் திருப்புங்கள். மறவாமல் முதலில் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். வயர் இல்லாத மவுஸ் என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். லென்ஸ் இருக்கும் சிறு குழியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒற்றை முடி ஒன்று குறுக்கே கிடப்பது தெரியும். கர்சரின் நடுக்கத்துக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். முடி அந்தக் குழியில் மாட்டிக்கொண்டு மவுஸோடு சேர்ந்தே நகர்வதால், கேமரா குழம்பிப்போகிறது. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். கேமரா கடைகளில் விற்கும் ரப்பர்ப் பந்து ஊதுகுழல் இருந்தால் அதால் ஊதலாம். இல்லாவிட்டால் மிருதுவான, உலர்ந்த தூரிகையால் தட்டிவிடலாம். பிசுக்கு இருந்தால், மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் காது பட்ஸை நனைத்து, நன்றாகப் பிழிந்த பிறகு லென்ஸை லேசாகத் துடையுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகக் கூடாது. அதில் இருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். சானிடைசர் ஜெல்லும் வேண்டாம், காய்ந்த பிறகு பிசுபிசுப்பு நிற்கும்.

அப்படியே நான்கு ஓரங்களிலும் உள்ள வழுக்குப் பட்டைகளையும் பாருங்கள். கைவியர்வையும் தூசியும் கலந்து அவற்றைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கரை கட்டியிருக்கும். பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் வத்தல் மாதிரி சுருண்டு வரும். இந்தக் கரை தடித்துவிட்டால் மவுஸ் பரப்பிலிருந்து சற்று எழும்பி நிற்கும். கேமராவின் பார்வையும் மங்கும். பந்து வைத்த பழைய மவுஸைக் கையாண்டவர்களுக்கு இந்தச் சுரண்டல் வேலை புதிதல்ல. அன்று உள்ளே இருந்த உருளைகளை நகத்தால் சுரண்டினோம். அந்த ரப்பர் பந்தைக் கல்லூரி லேப்களில் பத்திரமாக வைத்திருப்பதே பெரும்பாடாக இருந்தது.

கர்சர் நடுங்கவில்லை, விட்டுவிட்டுச் செத்துப் பிழைக்கிறது என்றால் அழுக்கின் மேல் பழி போடாதீர்கள். வயர் மவுஸ் என்றால், வயர் உள்ளே நுழையும் கழுத்தையும் யூஎஸ்பி முனையையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது அடி விளக்கு அணைந்து எரிந்தால் உள்ளே கம்பி முறிந்திருக்கிறது. அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

வயர் இல்லாத மவுஸுக்கு முதலில் பேட்டரி. புதிது போட்டுப் பாருங்கள். கூடவே பேட்டரி அறையில் ஸ்பிரிங் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். ஆல்கலைன் பேட்டரி கசிந்த உப்பு அது. எலுமிச்சைச் சாறு தொட்ட பட்ஸால் துடைத்தால் கரைந்துவிடும். பிறகு ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரியும் சரி என்றால் ரிசீவர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். இந்த மவுஸ்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகின்றன. யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளும், அவற்றில் செருகிய ஹார்டு டிஸ்க்குகளும் வேலை செய்யும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்புகின்றன. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை ஓர் அறிக்கையில் விளக்கியது. பென்டிரைவில் படம் காப்பி ஆகும்போது மட்டும் மவுஸ் திக்குகிறது என்று சொல்பவர்களின் புதிருக்கு விடை இங்கே இருக்கலாம். ரிசீவரை அந்தப் பக்கத்திலிருந்து மாற்றுங்கள். இன்னும் நல்லது, ஒரு குட்டி யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு மவுஸின் அருகிலேயே கொண்டுவந்துவிடுங்கள்.

ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை அழுத்தியதாக எடுத்துக்கொள்ளும் நோய் வேறு ரகம். முதலில் ஃபோல்டர் செட்டிங்கில் ‘ஒரே கிளிக்கில் திறக்கவும்’ என்பதை யாரும் மாற்றி வைக்கவில்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். வீட்டுப் பிள்ளைகள் செய்யக்கூடிய வேலைதான். அது இல்லை என்றால், ஒரு ஃபைலைப் பிடித்து மெதுவாகத் திரை முழுக்க இழுத்துக்கொண்டு போங்கள். விரலை எடுக்காமலே நடுவழியில் நழுவி விழுந்தால் பட்டனுக்கு அடியில் உள்ள மைக்ரோ ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. அதற்குள் இருக்கும் மெல்லிய உலோகத் தகடு தளர்ந்தோ, அது தொடும் முனை மங்கியோ போயிருக்கும். 1 கோடி, 2 கோடி அழுத்தம் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிக்கும் பாகம்தான். நாள் முழுக்க டேட்டா என்ட்ரி செய்பவரின் இடப்பக்க பட்டனே முதலில் போகும்.

இதற்கும், ஸ்குரோல் வீலைக் கீழே உருட்டினால் பக்கம் மேலே தாவுகிற கோளாறுக்கும் மவுஸைத் திறந்தாக வேண்டும். வாரன்ட்டி இருந்தால் திறக்காதீர்கள். ஸ்க்ரூ பெரும்பாலும் வழுக்குப் பட்டைகளுக்கோ ஸ்டிக்கருக்கோ அடியில் ஒளிந்திருக்கும். ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் பட்டை கிழியாமல் உரியும். மேல்மூடியை ஒரே இழுப்பில் பிடுங்க வேண்டாம். சில மாடல்களில் மூடிக்கும் உள்ளிருக்கும் சர்க்யூட் பலகைக்கும் இடையே மெல்லிய பட்டை வயர் ஓடும், அறுந்தால் அவ்வளவுதான். வீலின் அச்சில் முடியும் பஞ்சும் திரிதிரியாகச் சுற்றியிருக்கும், இடுக்கியால் எடுத்துவிடுங்கள். வீலுக்குப் பக்கத்தில் அச்சு நுழையும் சிறு பெட்டிதான் சுழற்சியை எண்ணுவது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அதன் இடுக்கில் ஒரு சொட்டு விட்டு, வீலைப் பலமுறை முன்னும் பின்னும் சுழற்றினால் பல மவுஸ்கள் தேறிவிடும். துருவுக்கு அடிக்கும் சாதாரண எண்ணெய் ஸ்பிரே கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டும். தேய்ந்த ஸ்விட்சிலும் கிளீனர் விடலாம், ஆனால் அது தற்காலிக நிவாரணம். பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டுப் புதிதாகச் சால்டரிங் செய்வதே நிரந்தரம். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி கடைத்தெருவில் இத்தகைய உதிரிபாகத்தைத் தேடலாம். சால்டரிங் அயர்ன் பிடித்துப் பழக்கம் இல்லாதவர்கள், மலிவான மவுஸுக்காக இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பேன். மூடுவதற்கு முன் ஈரம் முழுக்க ஆறட்டும்.

இனி டச்பேட். ஈரக் கையும் கிரீம் தடவிய விரலும் அதற்கு ஆகாது. பிழிந்த துணியால் துடைத்துக் காயவிட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். சார்ஜர் செருகியிருக்கும்போது மட்டும் கர்சர் துள்ளினால் சார்ஜரின் பிளக்கைப் பாருங்கள். மூன்று முள் பிளக்கை இரண்டு முள் அடாப்டரில் செருகியிருந்தாலோ, வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லை என்றாலோ இந்தத் தொல்லை வரும். எர்த் உள்ள வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள்.

டச்பேட் மேடாக எழும்பியிருந்தாலோ, அதன் பட்டன் அமுங்க மறுத்தாலோ சுத்தம் செய்யும் யோசனையை விட்டுவிடுங்கள். பல லேப்டாப்களில் அதற்கு அடியில்தான் பேட்டரி இருக்கிறது. அது உப்பிக்கொண்டு மேலே தள்ளுகிறது என்று அர்த்தம். உடனே ஷட் டவுன் செய்து, சார்ஜரை எடுத்துவிட்டு, அமுக்காமல், குத்தாமல் சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். கழற்றிய பேட்டரியை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குகிறவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.