இல்லத்தில் பயிலும் பிள்ளைக்குச் சரித்திரப் பாடம் தெரிவு செய்ய

1. வள்ளூரில் வீட்டிலிருந்தே உயர்கல்விக்கு ஆயத்தமாகும் பிள்ளைக்குப் புத்தகம் வாங்குமுன், எழுதவிருக்கும் பரீட்சை எதுவென நிர்ணயியுங்கள். வினாக்கள் அதன் பாடத்திட்டத்தையே தழுவி அமையும்.

2. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தை நாடுவோர், பத்தாம் வகுப்பு நிலையில் சமூக அறிவியலையும், பன்னிரண்டாம் வகுப்பு நிலையில் வரலாறு (315), அரசியல் அறிவியல் (317) இரண்டையும் எடுங்கள். மேல்நிலையில் அவை தனித்தனிப் பாடங்கள்.

3. தமிழக அரசின் பாடநூலையும் இணையத்தில் இலவசமாக இறக்கித் துணைநூலாக வையுங்கள். தென்னகச் சரித்திரம் அதில் விஸ்தாரமாக உண்டு.

4. வெள்ளிக்கிழமை விடுமுறையைத் தவிர்த்து, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தைக் காட்டுங்கள். கம்பெனி ஆட்சியின் நாணயமும் ஆயுதமும் அங்கே பிரத்தியட்சம்.

5. ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய தினங்களில் கிராம சபைக்கு உடன் அழைத்துச் செல்லுங்கள். உள்ளாட்சி நடைபெறும் விதம் நேரில் விளங்கும்.