பனியிலிருந்து தொடங்காதே

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பென்குயினைப் பற்றி ஒரு மணி நேரம் பேச வேண்டும், எதைச் சொல்வது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறாய். உயிரியல் நடத்திப் பழகியவன் என்ற உரிமையில் சொல்கிறேன். பிடித்ததை எடுத்துக்கொள்.

முதலில், கடையில் விற்கிற சார்ட்டை வாங்கி மாட்டாதே. அதில் பனிக்கரடியும் பென்குயினும் ஒரே பனிக்கட்டி மேல் நிற்கும். கரடி வடதுருவத்தில், பென்குயின் பூமியின் தென்பாதியில். இயற்கையில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. அதைவிடப் பெரிய கோளாறு அந்தப் படத்தில் இருக்கும் பனிதான். பென்குயின் என்றால் பனி என்று மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பாடம் போயிற்று. பென்குயினில் ஏறக்குறைய 18 இனங்கள் உண்டு. அவற்றில் அண்டார்டிகா கண்டத்தில் குஞ்சு பொரிப்பவை நாலைந்துதான். மற்றவை நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா என்று பல கரைகளிலும் தீவுகளிலும் குடியிருக்கின்றன. பூமத்திய ரேகை ஓடுகிற கலாபகஸ் தீவுகளில்கூட ஓர் இனம் இருக்கிறது.

அதனால் தென்னாப்பிரிக்காவிலிருந்து தொடங்கு. கேப் டவுன் பக்கம் சைமன்ஸ் டவுனில் போல்டர்ஸ் என்றொரு கடற்கரை. வெயில், மணல், புதர், பெரிய பெரிய உருண்டைப் பாறைகள், நடுவே பென்குயின்கள். அந்தப் படத்தைக் காட்டிவிட்டு, "இங்கே பனி எங்கே?" என்று கேள். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். 1980-களின் தொடக்கத்தில் இரண்டே ஜோடிகள் வந்து கூடு கட்டிய இடம் அது. பிறகு ஆயிரக்கணக்கில் பெருகின.

ஏன் அங்கே? ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையோரம் பெங்குவேலா என்ற குளிர்ந்த நீரோட்டம் ஓடுகிறது. ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே எழும்பும்போது கடலடியில் தங்கிய சத்தும் கூடவே வரும். அதில் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் பெருகும், அவற்றைத் தின்ன மத்தி, நெத்திலி வகை மீன்கள் கூட்டம் கூட்டமாக வரும், அந்த மீன்களைத் தின்னப் பென்குயின் வரும். கலாபகஸிலும் இதே கதைதான், குளிர்ந்த நீரோட்டங்கள். பென்குயின் குளிர்ந்த, மீன் மலிந்த கடலைப் பார்த்துக் குடியேறிய பறவை. இந்த ஒன்றைப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும். "வடதுருவத்துக்கு ஏன் போகவில்லை?" என்று ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும். நடுவில் இரை குறைந்த வெப்பக்கடல் குறுக்கே கிடக்கிறது என்று சொல்லிவிடு.

அடுத்து உடம்பு. இறக்கை இருந்தும் பறக்காத பாவப்பட்ட பறவை என்று சொல்லிவிடாதே. அது பறப்பது தண்ணீருக்குள். பறக்கிற பறவைகளின் எலும்பில் காற்றறைகள் இருக்கும். பென்குயினின் எலும்பு கெட்டியானது, அந்தக் கனம் முங்குவதற்கு உதவுகிறது. இறக்கை விறைத்த துடுப்பாகிவிட்டது. ஜென்டூ இனம் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் நீந்தும். எம்பரர் இனம் 500 மீட்டருக்கும் கீழே முங்கியிருக்கிறது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை என்பதும் அலங்காரம் இல்லை. மேலிருந்து பார்த்தால் முதுகு இருண்ட கடலோடு கலந்துவிடும், கீழிருந்து பார்த்தால் வயிறு வெளிச்சத்தோடு கலந்துவிடும். இரைக்கும் தெரியாது, அதை வேட்டையாடும் சிறுத்தைச் சீலுக்கும் எளிதில் தெரியாது.

வாயைத் திறந்த படம் ஒன்று கிடைத்தால் அவசியம் காட்டு. பல் கிடையாது. நாக்கிலும் மேலண்ணத்திலும் முள் முள்ளாக, எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். வழுக்குகிற மீன் உள்ளே போகலாம், வெளியே வர முடியாது. முழு மீனாகத்தான் விழுங்கும். மீனோடு சேர்ந்து போகும் கடலுப்பை என்ன செய்வது? கண்ணுக்கு மேலே இருக்கும் சுரப்பி ரத்தத்திலிருந்து உப்பைப் பிரித்து அலகு வழியாகச் சொட்டவிடும். அண்டார்டிகாப் பக்கத்து இனங்களுக்குக் கிரில் என்ற சிறு இறால் போன்ற உயிரியும் முக்கிய இரை. கிரில் தின்றால் எச்சம் இளஞ்சிவப்பாக இருக்கும். செயற்கைக்கோள் படங்களில் பனிமேல் தெரியும் எச்சக் கறையை வைத்தே எம்பரர் குடியிருப்புகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். வகுப்பில் சிரிப்பு வரும், வரட்டும். சிரித்தது மறக்காது.

சிறகு ஓடு வேய்ந்தது போல நெருக்கமாக அடுக்கியிருக்கும், தண்ணீர் உள்ளே இறங்காது. வருஷத்துக்கு ஒருமுறை அத்தனையும் ஒரேயடியாக உதிர்ந்து புதிதாக முளைக்கும். ஆப்பிரிக்கப் பென்குயினுக்கு ஏறக்குறைய மூன்று வாரம். அதுவரை கடலில் இறங்க முடியாது, பட்டினிதான். அதற்காகவே முன்கூட்டித் தின்று கொழுத்துக்கொள்ளும்.

இப்போது எம்பரருக்கு வா. சுவரில் சாக்பீஸால் 110 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடு, பக்கத்தில் 33 சென்டிமீட்டரில் இன்னொன்று. முதலாவது எம்பரர், இரண்டாவது ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கரைகளில் வாழும் நீலக் குட்டிப் பென்குயின். பிள்ளைகள் வரிசையாக வந்து உரசி நின்று பார்ப்பார்கள், தடுக்காதே.

எம்பரர் அப்பாவின் கதையை நீ சொல்லாவிட்டாலும் யாராவது ஒரு பிள்ளை சொல்லும். நடுக் குளிர்காலத்தில் ஒற்றை முட்டையைக் காலின் மேல் ஏந்தி, அடிவயிற்றுத் தோல் மடிப்பால் மூடி, இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் நிற்கும் அது. ஜோடி சேர வந்த நாளையும் சேர்த்தால் பட்டினி ஏறக்குறைய நாலு மாதம். இதைத் தியாகக் கதையாக்கிவிடாதே, அம்மா விட்டுவிட்டுப் போனாள் என்ற எண்ணத்தையும் வரவிடாதே. முட்டையிட்டு இளைத்த தாய் குஞ்சுக்கு இரை கொண்டுவரத்தான் கடலுக்குப் போகிறது. அது வராவிட்டால் குஞ்சு பிழைக்காது. சில நாள் பிந்தினால், தந்தை தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால் போன்ற ஒன்றை ஊட்டிச் சமாளிக்கும். குளிர்காலத்தில் ஏன் இந்தப் பாடு என்று கேட்டால், குஞ்சு வளர்ந்து கடலில் இறங்குகிற நேரம் கோடையாக, இரை மலிந்த காலமாக இருக்க வேண்டும் என்று சொல்.

கடைசிப் பத்து நிமிஷத்துக்கு மறுபடி ஆப்பிரிக்கா. அங்கே தீவுகளில் காலம் காலமாகப் படிந்த பறவை எச்சம் மீட்டர் கணக்கில் கெட்டித்துக் கிடந்தது. பென்குயின்கள் அதைக் குடைந்து வளை அமைத்து முட்டையிட்டன. 19-ஆம் நூற்றாண்டில் அதை உரத்துக்காகச் சுரண்டிக் கப்பலேற்றிவிட்டார்கள். வளை போய் வெட்டவெளியில் முட்டையிட, வெயிலும் கடற்காகமும் அவற்றை அழித்தன. மனிதர்களும் முட்டையைக் கூடை கூடையாக அள்ளினார்கள். இப்போது மீனும் குறைந்துவிட்டது. 2024-இல் இந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. மிஞ்சியிருப்பவை 10,000 ஜோடிகளுக்கும் குறைவு.

பயமுறுத்துவதோடு நிறுத்தாதே. 2000 ஜூனில் 'ட்ரெஷர்' என்ற சரக்குக் கப்பல் மூழ்கி, மண்டேலா சிறையிருந்த ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் எண்ணெய் பரவியது. ஏறக்குறைய 19,000 பென்குயின்களைப் பிடித்துக் கழுவினார்கள். எண்ணெய் படாத அதே அளவு பறவைகளைப் பிடித்து, லாரியில் ஏற்றி, பல நூறு கிலோமீட்டர் தள்ளிப் போர்ட் எலிசபெத் பக்கம் கடலில் விட்டார்கள். அவை வீடு தேடி நீந்தி வருவதற்குள் எண்ணெயை அள்ளிவிடலாம் என்பது கணக்கு. கணக்கு தப்பவில்லை. எல்லாம் கேட்டபின் "நாம் என்ன செய்யலாம்?" என்று ஒரு பிள்ளை கேட்டால், போஸ்டர் எழுதச் சொல்லி அனுப்பிவிடாதே. உரத்துக்கும் மீனுக்கும் கணக்குப் பார்த்தவர்கள் பறவையைக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதை அவர்களே பேசட்டும்.

வகுப்பு முடிந்ததும், உனக்கு விடை தெரியாமல் போன கேள்விகளை மட்டும் எழுதி அனுப்பு. எனக்கும் தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம்.

உன் பெரியப்பா