உறைந்த அருவியைப் படமெடுத்தல்

தில்லிக் குளிர்காலத்தில் மூடுபனி உண்டு; உறைந்த அருவி இல்லை. அதனைக் காணக் காஷ்மீருக்குச் செல்லலாம். குல்மார்க் செல்லும் வழியிலுள்ள தங்மார்க் அருகே துருங் என்னும் அருவி இருக்கிறது. குற்றாலத்தில் பேரோசையோடு விழும் நீரைக் கண்டவருக்கு இக்காட்சி வியப்பளிக்கும். கடுங்குளிரில் துருங் ஓசையடங்கி, பனிக்கட்டித் தூண்களாய்ப் பாறையில் தொங்கும்.

படமெடுப்போர் பலர் ஏமாற்றம் அடைவர். கண்ணுக்கு வெண்மையாய்த் தெரிந்த பனி, படத்தில் சாம்பல் நிறமாகிவிடும். எந்தக் காட்சியும் நடுத்தர வெளிச்சம் உடையது என்று கொண்டே ஒளிப்படக்கருவி ஒளியை அளக்கிறது. வெண்மை நிறைந்த காட்சியைக் கண்டால், ஒளி மிகுந்துவிட்டதெனக் கருதிக் குறைத்துவிடும். பாவம், அதற்குப் பனியைத் தெரியாது! ஆகவே எடுப்பவரே ஒளியளவை ஒன்று அல்லது இரண்டு படி கூட்டி வைத்தல் வேண்டும். கைப்பேசியிலும் திரையைத் தொட்டு வெளிச்சத்தைக் கூட்டலாம்.

குளிரில் மின்கலம் விரைவில் வலுவிழக்கும். மாற்று மின்கலத்தைச் சட்டையின் உட்பையில் வைத்துக் காப்பர்.

அருவியின் அடியில் நின்று படமெடுத்தல் தகாது. வெயில் ஏறினால் ஈட்டி போன்ற பனிக்கட்டிகள் முறிந்து விழும். அறிந்தவர்கள் காலையிலேயே சென்று, விலகி நின்று எடுப்பர்.

வினா: பனி படத்தில் சாம்பல் நிறமாகத் தோன்றக் காரணம் யாது?