காவலர் தேர்வு: இப்பவே தெரிஞ்சுக்கலாம்!



பல்லாவரத்தில் ரயில் ஏறினால் சிறிது நேரத்தில் வண்டலூர். அதன் பக்கத்தில் ஊனமாஞ்சேரியில்தான் தமிழ்நாடு காவல்துறை உயர் பயிற்சியகம் இருக்கு. எஸ்.ஐ. தேர்வில் ஜெயிச்சவங்க அங்கே பயிற்சி பெறுவாங்க. அதற்குப் பட்டம் வேண்டும். ஆனால் இரண்டாம் நிலைக் காவலர் ஆக பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். வயது 18 நிரம்பணும். எனக்கு இப்போ 14. அதனால் நாலு வருஷம் கையில் இருக்கு.

தேர்வை நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம். 2023 அறிவிப்புப்படி விவரம் இதோ:

1. தமிழ் தகுதித் தேர்வு: 80 மதிப்பெண். 40 சதவீதம், அதாவது 32 எடுக்கணும். இந்த மார்க் மொத்தத்தில் சேராது. ஆனால் 32 வரலைன்னா அடுத்த தாளைத் திருத்தவே மாட்டாங்க! தமிழ்தானேன்னு அலட்சியம் வேண்டாம்.

2. முதன்மை எழுத்துத் தேர்வு: 70 மதிப்பெண். பொது அறிவு 45, உளவியல் 25. கேள்விகள் பத்தாம் வகுப்புத் தரம். நம்ம பாடப்புத்தகம்தான் முதல் கைடு.

3. உடல் தகுதி: பெண்களுக்கு உயரம் 159 செ.மீ. (பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 157). பிறகு 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடணும்.

4. உடல்திறன் போட்டிகள்: நீளம் தாண்டுதல், பந்து எறிதல் அல்லது குண்டு எறிதல், 100 அல்லது 200 மீட்டர் ஓட்டம். இதற்கு 24 மதிப்பெண். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6.

ஆக 70 + 24 + 6 = 100.

ஒரு கணக்கு: 2 நிமிடம் 30 விநாடி = 150 விநாடி. 150 ÷ 4 = 37.5. அதாவது ஒவ்வொரு 100 மீட்டரையும் 37.5 விநாடிக்குள் ஓடினால் போதும். வேகத்தைவிட மூச்சு வாங்காமல் ஓடுவதே முக்கியம்.

எங்க பெரியம்மா பொண்ணு எழுத்துத் தேர்வில் பாஸ். உயரம் 158. அந்த ஒரு செ.மீ.யில் வெளியே வந்துட்டாங்க. முன்னாடியே அளந்து பார்க்கச் சொல்ல வீட்டில் யாருக்கும் தெரியலை. இப்போ குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறாங்க. அதில் பெரும்பாலான பணிகளுக்கு உயரம் பார்ப்பதில்லை; படிச்ச தமிழும் பொது அறிவும் அங்கேயும் உதவுது. நான் இப்போ 156. மூணு செ.மீ. வளரணும். வளராவிட்டாலும் படிப்பு வீணாகாது.

இன்னொரு செய்தி: ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ் வழியில் படிச்சவங்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. அதற்கு நம்ம பள்ளிச் சான்றிதழ் வேணும். பத்திரமா வாங்கி வைங்க.

தெரிந்துகொள்வோம்:
★ தமிழ்நாட்டில் பெண்கள் காவலராகச் சேர்க்கப்பட்டது 1973.
★ தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம்: சென்னை ஆயிரம் விளக்கு, 1992.
★ தமிழ்நாட்டின் முதல் பெண் டி.ஜி.பி.: லத்திகா சரண், 2010.
★ முதல் திருநங்கை எஸ்.ஐ.: பிரித்திகா யாஷினி, 2017.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விளையாட்டுப் பீரியடை எங்களுக்கே விட்டுக் கொடுங்க. அந்த 24 மதிப்பெண் மைதானத்தில்தான் இருக்கு!

முயற்சி திருவினையாக்கும்.

– 9ஆம் வகுப்பு மாணவி